இன்செர்த்தி எண்டு கையெழுத்துப் போடப்போற என்ர மகனுக்கு

தம்பி, நீ ஃபோன் எடுக்கிறேல்லை. மெசேஜ் போட்டால் ரெண்டு நீலச் சரி விழுகுது, பதில் வாறேல்லை. அதால எழுதுறன். என்ர கையெழுத்து உனக்கு விளங்காது, நீ தமிழ் வாசிக்கிறதும் எழுத்துக்கூட்டித்தான். மேல் வீட்டு யோகம் அன்ரியைப் பிடிச்சு இருத்தி, நான் சொல்லச் சொல்ல அவ கம்ப்யூட்டரில அடிக்கிறா. அவவுக்குத் தெரிஞ்சால் சிட்னியில இந்தக் கிரவீன் முழுக்கத் தெரியும் எண்டு நீ பல்லைக் கடிப்பாய். தெரியட்டும். ஒளிச்சு வச்சு நாங்கள் என்னத்தைக் கண்டம்? விளங்காத இடம் வந்தால் ஃபோனில போட்டு மொழிபெயர்க்காதை, அது என்ர பேச்சை வேற ஆற்றயோ பேச்சாக்கிப்போடும். என்னட்டைக் கேள். கேக்கிறதுக்காவது என்னோட கதைப்பாய்தானே.

வாற மாதம் மெல்பேணில உனக்குக் கலியாணம். கார்ட் வந்து சேர்ந்தது. உறையில என்ர பேரை நீ கட்டப்போற கியாராதான் தமிழில கோணல்மாணலாய் எழுதியிருக்கிறா, நீ எழுதேல்லை. நான் வாறனோ இல்லையோ எண்டு கேட்டதும் அந்தப் பிள்ளைதான். ஆனால் கலியாணத்துக்கு வாறது இப்ப பிரச்சினையில்லை எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கலியாணத்தோட நீ நடராசா எண்ட பேரை விட்டிட்டு கியாரா வீட்டு இன்செர்த்தி எண்ட பேரை எடுக்கப்போறாய். நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். அதோட நீ என்னோட கதைக்கிறதை விட்டிட்டாய். ஓம் எண்டால் உன்ர அண்ணாவை நானே கைவிட்ட மாதிரி எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான். இல்லை எண்டால் நீ இல்லை. காணாமல் போன பிள்ளையைப் பிடிச்சு வைக்கப்போய், கையில இருக்கிற பிள்ளையை விடப்போறன். இதுதான் கதை. அதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்குறன், பிறகு அம்மா சுத்தி வளைக்கிறா எண்டு சொல்லாதை.

பேர், பேர் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் அடிபடுகிறம், ஆனால் எங்களுக்கு எங்க தம்பி குடும்பப் பேர் இருந்தது? தகப்பன்ர பேர் பிள்ளைக்கு முன்னால வரும், அவ்வளவுதான். அப்பா கந்தையா நடராசா, நீங்கள் ரெண்டு பேரும் நடராசா. உன்ர பிள்ளை பிறந்தால் உன்ர பேர். ஊரில இருந்திருந்தால் அப்பாவின்ர பேர் உன்னோட நிண்டிருக்கும், அதை ஒருத்தரும் கேள்வி கேட்டிருக்க மாட்டினம். வள்ளத்தால இறங்கித் தீவுக் காம்பில நாங்கள் இருக்கேக்க ஃபோனில மொழிபெயர்த்த இந்தியப் பொடியன் "உங்க ஃபேமிலி நேம் சொல்லுங்கம்மா" எண்டு கேட்டான். அப்பிடி ஒண்டு எங்களுக்கு இல்லைத் தம்பி எண்டன். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, கட்டம் காலியா இருந்தா இவங்க விட மாட்டாங்க" எண்டான். நான் அப்பாவின்ர பேரைச் சொன்னன். சொல்லேக்க எனக்கு வாய் கூசினது. அவர் உயிரோட இருந்த காலம் முழுக்க நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சேருங்கோ எண்டுதான் கூப்பிடுவன். இப்ப டொக்டரிட்டைப் போனால் ஒரு வெள்ளைப் பெட்டை வாசலில நிண்டு மிஸிஸ் நடராஜா எண்டு கத்துறா, நான் எழும்பிப் போறன். ஷெல் விழுந்து துண்டு துண்டாய்ப் போன மனுசன்ர பேரை, அவரை ஒருக்காலும் கண்டிராத சனம் நாள் முழுக்கச் சொல்லுது.

அந்தப் பேரை நான் ஏன் இப்பிடி இறுக்கிப் பிடிச்சனான் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. உன்ர அண்ணா சுதனைப் பஸ்ஸில ஏத்தேக்க ஆமிக்காரங்கள் பதிஞ்ச பேர் நடராசா சுதன். அவன் எங்கயாவது இருந்தால் அந்தப் பேரிலதான் இருப்பான், எங்களைத் தேடினாலும் அந்தப் பேரிலதான் தேடுவான். அதுக்காகத்தான் நாங்கள் வந்திறங்கின அதே ரெண்டு அறை வீட்டில, குசினிக் கூரை ஒழுக ஒழுக, நான் இண்டைக்கும் கிடக்கிறன். காணாமல் போன ஆக்களைத் தேடித் தாற நிறுவனத்துக்கு இந்த விலாசத்தைத்தான் குடுத்தனான். ஃபோன் நம்பரை மாத்தேல்லை. நீ ஹைஸ்கூலில படிக்கேக்க, ரீச்சர்மாருக்கு வாய்க்குள்ள வருகுதில்லை, பொடியள் பகிடி பண்ணுறாங்கள், பேரைச் சுருக்குவம் எண்டு வந்து நிண்டாய். நான் அகப்பைக் காம்பால அடிச்சன். மெல்பேணுக்கு வேலைக்குப் போகப்போறன் எண்டு நீ சொன்னபோதும், போ, ஆனால் பாங்கிலயும் லைசன்ஸிலயும் இந்த விலாசம்தான் இருக்கவேணும் எண்டன். நீ எல்லாத்துக்கும் தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம் எண்டனி. எவ்வளவு நல்ல பிள்ளை எண்டு நான் பெருமைப்பட்டன். ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் தலையைக் குனிஞ்சால் ஏன் எண்டு கேக்கவேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை.

பிறகு கியாரா வந்தா. நீ எலெக்ரிசியன் வேலைக்குப் போன மாபிள் கடையில கணக்குப் பாக்கிற பிள்ளை, கடைக்காரரின்ர ஒரே மகள். நல்ல பிள்ளை, சிரிச்ச முகம், அதில நான் குறை சொல்லேல்லை. ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள். கலியாணம் எண்டால் விசாரிக்க வேணும். எந்த ஊர், எந்தப் பகுதி, ஆற்ற மோன், ஆற்ற பேரன், இதெல்லாம் கேட்டு முடிய முன்னம் எங்களுக்குத் தேத்தண்ணியே இறங்காது. இத்தாலிக்காரரை எங்க போய் விசாரிக்கிறது? யோகம் அன்ரி சொன்னா, இப்ப அதெல்லாம் சுகம் அக்கா, பேரை அடிச்சால் பூர்வீகம் முழுக்க வரும் எண்டு. சாதி பாக்கிறதுக்கு நாங்கள் கம்ப்யூட்டரில போய் நிண்ட லட்சணத்தை நினைக்க இப்ப எனக்கே சிரிப்பு வருகுது. யோகம், நீ சிரியாமல் அடி.

இன்செர்த்தி எண்டு அடிச்சவுடன பூர்வீகம், கருத்து, எவ்வளவு பேருக்கு அந்தப் பேர் இருக்கு எண்டு எல்லாம் வந்தது. அரிதான பேராம். இத்தாலியின்ர வடக்கில ஒரு பக்கத்திலதான் கூட இருக்கினமாம், மிச்சப் பேர் அங்கயிருந்து சிதறிப் போனவையாம். கருத்துத்தான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிச்சயமில்லாதவை எண்டு அர்த்தமாம். முந்தி அநாதையாய் விட்ட குழந்தைகளைப் பதியேக்க, தாய் தகப்பன் நிச்சயமில்லை எண்டு எழுதுவினமாம், அந்தச் சொல்லே பேராய் ஒட்டிக்கொண்டுது எண்டு சொல்லுகினம். அப்பிடியில்லை எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினமாம், அதை நாங்கள் வாசிக்கேல்லை. எங்களுக்குத் தேவையானது கிடைச்சிட்டுது. தகப்பன் பேர் தெரியாத வம்சம்! தகப்பன்ர பேரையே பேராய் வச்சிருக்கிற நான், அந்த வீட்டில சம்பந்தம் செய்யிறதோ எண்டு துள்ளினன். அப்ப யோகம் அன்ரி சும்மா இருக்கேலாமல் நடராசாவையும் அடிச்சுப் பாத்தா. வந்துகொண்டே இருந்தது தம்பி. டொக்டர் நடராசா, எஞ்சினியர் நடராசா, இந்தியா, மலேசியா, கனடா, லண்டன். சிட்னியில ஒரு கல்லெறிஞ்சால் ஒரு நடராசாவில விழும். ஒருத்தருக்கொருத்தர் ஒரு சொந்தமுமில்லை. நான் கதிரையில இருந்திட்டன். ஆயிரமாயிரம் நடராசாவுக்குள்ள என்ர பிள்ளை எங்களை எப்பிடிக் கண்டுபிடிப்பான்? ஒழுகுற கூரைக்குக் கீழ, உன்னையும் அடிச்சு, நான் காத்த பேர் ஒரு பிடிமானமும் இல்லாத பேர். அண்டைக்கே எனக்கு அது விளங்கினது. விளங்கினதை ஒத்துக்கொள்ளாமல், நீ பேரை மாத்தப்போறன் எண்டு சொன்ன கோவத்தோட அந்தக் கோவத்தையும் சேர்த்துக்கொண்டுதான் மெல்பேணுக்குப் பிளேன் ஏறினனான்.

கியாரா வீட்டில எனக்கு வச்ச அந்த விருந்தில நான் செய்ததை நீ மறக்கமாட்டாய். கியாராவின்ர தகப்பன் ரெனாட்டோ மேசை நிறையச் சாப்பாடு வச்சு, தன்ர கடையையும் தன்ர மாபிளையும் தன்ர அத்திமரத்தையும் புளுகிக்கொண்டிருந்தார். என்னைவிட வாய்க்காரன். நான் கரண்டியை வச்சிட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில, உங்கட பேருக்குத் தகப்பன் தெரியாது எண்டு அர்த்தமாமே, உண்மையோ எண்டு கேட்டன். கியாரா முகம் சிவந்து போனா. நீ மேசைக்குக் கீழ என்ர காலில தட்டினாய். மனுசன் கோவிக்கேல்லை. ஓம் ஓம் எண்டு இன்னும் புளுகத் தொடங்கினார். அவற்ற பூட்டனையோ பூட்டனுக்குப் பூட்டனையோ, கன்னியாஸ்திரி மடத்துச் சுவரில இருந்த ஒரு மரப்பெட்டியில வச்சவையாம். பெட்டி உருளை மாதிரியாம், வெளியில வச்சுச் சுத்திவிட்டால் பிள்ளை உள்ள போயிடும், வைச்சவையின்ர முகம் உள்ளுக்க இருக்கிறவைக்குத் தெரியாது. பிள்ளையின்ர கழுத்தில ஒரு அரைப் பதக்கம் இருந்ததாம். மற்ற அரையைத் தாய் வச்சிருப்பாவாம், நல்ல காலம் வந்தால் கொண்டுவந்து பொருத்திக் காட்டிப் பிள்ளையைத் திருப்பிக் கேக்க. இதையெல்லாம் அவர் வைனைக் குடிச்சுக் குடிச்சுப் பகிடியாய்ச் சொல்லுறார். நான் கேட்டன், அந்த அரைப் பதக்கம் இப்ப எங்க? ஆரோ வித்துத் திண்டிருப்பினம் எண்டு சிரிச்சார். தாய் வந்தவவோ எண்டு கேட்டன். சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தார். வந்திருந்தால் நான் இந்தப் பேரோட உங்களுக்கு முன்னால இருந்திருக்க மாட்டன் எண்டார்.

விருந்து முடியும்வரைக்கும் நான் அந்தப் பொம்பிளையைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். பிள்ளையை விட்டவள் எண்டு ஒரு நிமிசத்துக்கு முன்னம் நான் இழிவாய் நினைச்சவள். பாதிப் பதக்கத்தை முந்தானையில முடிஞ்சுகொண்டு எவ்வளவு காலம் திரிஞ்சாளோ, மடத்து வாசலில போய் நிண்டாளோ, அந்தப் பேரில ஒரு பிள்ளையும் இல்லை எண்டு அனுப்பிவிட்டினமோ. சுதனைத் தேடிப் போன எத்தினை அரசாங்கக் கந்தோர் வாசலில எனக்கும் அதையே சொல்லி அனுப்பினவை. நான் அதை வெளியில சொல்லியிருக்கலாம். என்ர வாய் நல்லதுக்கு எங்க திறந்தது? காருக்குள்ள ஏறினவுடன, அப்பன் தெரியாதவன்ர பேருக்காகப் பெத்த அப்பன்ர பேரை விடப்போறியோ, சுதன் வந்து கேட்டால் என்ன சொல்லுறது எண்டு உன்னில பாய்ஞ்சன். நீ காரை ஓரமாய் நிப்பாட்டிப்போட்டு, ஸ்டியரிங்கைப் பாத்துக்கொண்டு, "அம்மா, ஹீ இஸ் டெட். அண்ணா செத்திட்டார். எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" எண்டாய். என்னை ஏர்போர்ட்டில இறக்கிவிடு எண்டன். அடுத்த நாள்தான் எனக்கு டிக்கெட், நீயும் இறக்கிவிட்டாய், நானும் இறங்கினன். ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். அந்த ஏர்போர்ட் கதிரையில விடியும்வரைக்கும் இருந்து நான் உன்னைத் திட்டினது பாதி, அழுதது மீதி.

பிறகு மாதக்கணக்காய் ஒரு சத்தமில்லை. நான் வேலைக்குப் போய், அந்த முதியோர் இல்லத்துக் குசினியில கிழங்கு சீவி, வந்து படுத்து எழும்பினன். போன கிழமை கதவைத் தட்டிச்சினம். திறந்தால் ரெனாட்டோ நிக்கிறார், கையில அத்திப்பழப் பெட்டி. சிட்னிக்கு மாபிள் பாக்க வந்தவராம். பொய், மனுசன் என்னைப் பாக்கத்தான் வந்தவர். தேத்தண்ணி குடுத்தன், இனிப்புக் காணாது எண்டு தானே எடுத்துப் போட்டார். நான் நினைச்சது, மகளுக்காக நியாயம் கேக்க வந்திருக்கிறார் எண்டு. அந்தாள் சொல்லுது, நான் உங்கட மகனிட்டை என்ர பேரைக் கேக்கேல்லை, ஆம்பிளை எண்டால் தகப்பன்ர பேரை வச்சிருக்க வேணும், இது எனக்குப் பிடிக்கவேயில்லை எண்டு அவனோட சண்டை போட்டனான் எண்டு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் இவ்வளவு நாளும் நினைச்சது, தன்ர பேர் அழிஞ்சு போகுது எண்டு அவர்தான் உன்னை மயக்கிப்போட்டார் எண்டு. பிறகு ஏன் மாத்துறான் எண்டு கேட்டன். அவர் கோப்பையைத் தள்ளி வச்சார். தாய்க்குத் தெரியாததை நான் சொல்லுறது சரியில்லை, ஆனால் நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடியே செத்துப் போயிடுவியள் எண்டு பயமாய்க் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் சொன்னவர்.

கிளினிக்கிலயோ பாங்கிலயோ ஆராவது நடராஜா எண்டு கூப்பிட்டால், உனக்கு அண்ணாவைக் கொண்டுபோன அந்த வெட்டவெளியில உன்ர குரல் கேக்குதாம். அண்ணாவை நான்தான் பேர் சொல்லிக் காட்டிக்குடுத்தனான் எண்டு நீ அவருக்கும் கியாராவுக்கும் சொன்னனியாம். அம்மாவுக்கு அது தெரியும், அதுக்குத் தண்டனையாய்த்தான் அந்தப் பேரை என்ர கழுத்தில கட்டி வச்சிருக்கிறா எண்டும் சொன்னனியாம்.

ஐயோ என்ர அப்பு.

நாங்கள் அந்த நாளைப் பற்றி ஒருக்காலும் கதைச்சதில்லை. ஊரில கதைக்கப் பயம், வள்ளத்தில கதைக்கத் தெம்பில்லை, இஞ்ச வந்து கதைக்கிற பழக்கமில்லை. இப்ப நான் சொல்லுறன், நீ எழுத்துக்கூட்டியாவது வாசி. சுதனை இயக்கம் சண்டைக்கு ஆள் சேர்க்கப் பிடிச்சுக்கொண்டு போய்க் கொஞ்ச நாளில அவன் ஓடி வந்தவன். இயக்கத்தில இருந்த ஆக்களுக்கு அவனை நடராசா சுதன் எண்டு தெரியும். அதால, ஆர் கேட்டாலும் அவன் பெரியப்பாவின்ர மகன், வேற பேர் எண்டு சொல்லவேணும் எண்டு உனக்குச் சொல்லிச் சொல்லி வச்சனான். உனக்கு எட்டு வயசு. ரெண்டு நாளாய்த் தண்ணி இல்லை, அப்பா செத்து ஒரு கிழமை ஆகேல்லை. ஆமியிட்டை வந்து சேர்ந்த சனத்தோட நாங்கள் அந்த வெட்டவெளியில வரிசையில நிக்கிறம். ஒரு ஆமிக்காரன் உனக்கு முன்னால குந்தி இருந்து பிஸ்கட்டைக் காட்டி, கொச்சைத் தமிழில, தம்பி அண்ணாக்கு என்ன பேர் எண்டு கேட்டான். நீ தண்ணி காணாத வாயால, வகுப்பில ரீச்சர் கேட்டால் சொல்லுற மாதிரி நிமிர்ந்து நிண்டு, நடராசா சுதன் எண்டு சொன்னாய். அண்ணா எண்டால் உனக்கு அவ்வளவு பெருமை. பிறகு அவனை இழுத்தாங்கள். இவ்வளவும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ காணாத ஒண்டை நான் சொல்லுறன்.

வரிசைக்கு முன்னால ஒரு ஜீப் நிண்டது. அதுக்குள்ள தலையில சாக்குப் போட்டுக் கண்ணுக்கு ஓட்டை வெட்டின ஒருத்தன் இருந்தான். தலையாட்டி எண்டு எங்கட சனம் சொல்லும். எங்கட ஆளைத்தான் பிடிச்சு, அடிச்சு, அப்பிடிக் கொண்டுவந்து இருத்துவாங்கள், அவன் ஆரைப் பாத்துத் தலையை ஆட்டுறானோ அவன் அந்தப் பக்கம் போகவேணும். உன்ர உயரத்துக்கு அந்த ஜீப் தெரியாது, முன்னால நிண்ட சனத்தின்ர முதுகுதான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது. சுதனைப் பாத்து அந்தச் சாக்குத் தலை ஆடினது. ஆடினதை நான் கண்டன், சுதனும் கண்டான், என்ர கையை இறுக்கினான். அதுக்குப் பிறகுதான் அந்த ஆமிக்காரன் உன்னட்டை வந்து குந்தினவன். பேரை எழுதுறதுக்குத்தான் கேட்டவன் தம்பி. அவனைப் பிடிக்கிறது எண்டு முதலே முடிவாகிப் போச்சு. நீ சொல்லாமல் விட்டிருந்தால் பேரில்லாமல் ஏத்தியிருப்பாங்கள். வாயே திறக்காத பிள்ளைகளையும் அந்தப் பஸ்ஸில ஏத்தினதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

அம்மா என்னை ஆறுதல்படுத்தச் சொல்லுறா எண்டு நினைப்பாய். நான் ஆறுதல் சொல்லுற சாதியோ? காய்ச்சல் வந்தாலும் வேலைக்குப் போ எண்டு துரத்தின தாய் நான். உண்மையைத்தான் சொல்லுறன். இன்னும் ஒரு உண்மை சொல்லுறன், அதையும் கேள். தலையாட்டினதைக் கண்ட நானே முதல் ஒரு கிழமை உன்ர முகத்தைப் பாக்கேல்லை. ஆரிலயாவது கோவிக்கவேண்டியிருந்தது, ஆமியில கோவிக்கேலாது, சாமி கிட்ட இல்லை, கிட்ட நிண்டது நீ. அதை நீ கண்டிருப்பாய். பிள்ளைகள் எல்லாத்தையும் காணும். பிறகு நான் மறந்துபோனன், நீ மறக்கேல்லை. ஒருக்கா நீ பள்ளிக்கூடத்தில எதையோ ரீச்சரிட்டை உளறிப்போட்டு வர, தவளையும் தன் வாயால கெடும் எண்டு நான் பகிடியாய்ச் சொல்ல, நீ கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போனாய். ரெண்டு நாள் சாப்பிடேல்லை. சாப்பாட்டில கொழுப்பு ஏறிப்போச்சு எண்டு அதுக்கும் ஏசினன். என்ர ராசா, நீ அண்டைக்கு என்னத்தை விழுங்கினாய் எண்டு இப்பதான் எனக்குத் தெரியுது. நெஞ்சு வெடிக்குது தம்பி. யோகம் அன்ரியும் அடிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு மூக்கைச் சீறிக்கொண்டிருக்கிறா.

கலியாணம் கட்டப்போற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்லவேணுமாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். வீட்டுக்குள்ள ஒருத்தர் தலையைக் குனிஞ்சுகொண்டு எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொன்னால், நல்ல மனுசர் எண்டு விட்டிடாதை, கிட்டப் போய் இருந்து கேள். உடன சொல்லமாட்டினம். திருப்பிக் கேள். கியாரா அழுதால் ஏன் எண்டு கேள், நீ அழுதால் ஒளிஞ்சு நிண்டு அழாதை. எங்கட வீட்டில ரெண்டு பேர் ஒரே சவத்தை ஆளுக்கொரு அறையில வச்சுக்கொண்டு இருந்தனாங்கள். பார், எனக்கே வாயில வந்திட்டுது அந்தச் சொல். இவ்வளவு காலம் அந்தச் சொல்லை இந்த வீட்டுக்குள்ள விட்டதில்லை. ஹெலன்ஸ்பர்க் கோயிலில ஒருக்கா ஐயர், மூத்த மகனுக்கு ஏதாவது செய்யிறியளோ அம்மா எண்டு கேட்டதுக்கு, நேர்ந்துகொண்டு போன பூசையையும் செய்யாமல் உன்னையும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தவள் நான். இப்பவும் செய்யமாட்டன். நீ காருக்குள்ள சொன்னது சரியாய் இருக்கலாம், அதை ஓம் எண்டு சொல்லத் தாயிட்டைக் கேக்காதை. அதை மட்டும் என்னால ஏலாது.

பேரை மாத்து தம்பி. மனமாரச் சொல்லுறன், மாத்து. அந்தப் பேர் உன்னை ஒவ்வொரு நாளும் அந்த வெட்டவெளியில கொண்டுபோய் நிப்பாட்டுது எண்டால், அது அப்பா விரும்புற பேரில்லை. இன்செர்த்தி எண்டு கையெழுத்துப் போடு, உன்ர பிள்ளைகளுக்கும் அதையே வை. தாய் தேடி வராத ஒரு பிள்ளை பெருகி, புளுகி, மாபிள் கடை போட்டுச் சீவிச்ச பேர் அது, அதில ஒரு இழிவும் இல்லை. நான் மாத்தேல்லை. விலாசத்தையும் மாத்தேல்லை, ஃபோன் நம்பரையும் மாத்தேல்லை. அவன் வந்தால் தேடிப் பிடிக்க நடராசா எண்டு ஒருத்தி இருந்தால் காணும். அது என்ர வேலை, அதை நீ தூக்க வேண்டாம்.

கலியாணத்துக்கு வாறன். ரெனாட்டோ சொன்னார், விருந்தில எல்லாருக்கும் முன்னால மாப்பிள்ளை எழும்பி நிண்டு நாலு வார்த்தை பேசவேணுமாம், அது இஞ்சத்தை வழக்கமாம். நீ பேசு. அப்பாவைச் சொல்லு. பிறகு, உனக்கு ஒரு அண்ணா எண்டு சொல்லு. அவன்ர பேரைச் சொல்லு. முணுமுணுக்காமல், நிமிர்ந்து நிண்டு, எட்டு வயசில சொன்ன மாதிரி முழுப் பேரையும் பெருமையாய்ச் சொல்லு. சொன்னதுக்காக ஒருத்தரும் அவனை ஒண்டும் செய்யேலாது. நான் முன் கதிரையில இருந்து கேட்டுக்கொண்டிருப்பன்.

அம்மா